கணனியும் நாங்களும்: சுவரை எடுக்கமுன் சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள்



பேலியகொடையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தையல் அறையில் ஒரு பழைய கணனி இருக்கிறது. ஒரு நல்ல மனிதர் தன் கந்தோரில் கழித்ததை எங்களுக்குத் தந்தார். அதில் விண்டோஸ் ஓடுவதற்குச் சிரமப்பட்டது. ஆகவே சில வருடங்களுக்கு முன் நான் லினக்ஸ் மின்ற் போட்டேன். காசு கேட்காத இயங்குதளம், பழைய இயந்திரத்திலும் ஓடும்.

அந்தக் கணனியில் தையல் அளவுகளும் கூலிக் கணக்கும் மட்டும் இல்லை. அங்கு வரும் பெண்களின் கடதாசிகளும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் தந்த கடிதம் என்று ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஒரு தரம், பிரதேச செயலகத்துக்கு ஒரு தரம், வேறொரு விசாரணைக்கு இன்னொரு தரம் என்று அதே கடதாசிகளைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

எங்களிடம் வரும் ஒரு அக்கா முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2009 இல் மகனைத் தவறவிட்டவர். மகனின் பள்ளிக்கூடப் படம் ஒன்று மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்து, அந்தப் படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே ஒரு தரம் ஸ்கான் செய்திருந்தபடியால் முகம் தப்பியது. இன்று அந்தப் பிள்ளையின் முகம் இருப்பது எங்கள் கணனியில்தான்.

சென்ற மாதம் அவர் புதிதாக வந்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். ஸ்கான் செய்து சேமிக்கப் போனேன். ‘வட்டில் இடமில்லை’ என்று கணனி சொல்லிவிட்டது.

“இடமில்லை எண்டால் என்ன பிள்ளை, பழசுகளை அழிக்கப் போறியோ?” என்று அக்கா கேட்டார்.

“இல்லையக்கா. பக்கத்து அறை சும்மா கிடக்குது. நடுவிலை இருக்கிற சுவரை எடுத்தால் சரி.”

“சுவரை எடுக்கேக்கை அறைக்குள்ளை இருக்கிறதுக்கு ஒண்டும் ஆகாதோ?”

அந்தக் கேள்விக்கு உரிய பதில்தான் இந்த மாதப் பக்கம்.

பார்ட்டிஷன் என்பது என்ன?

பேலியகொடை, வத்தளைப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ‘பார்ட்டிஷன்’ புதிய சொல் அல்ல. வீட்டுக்காரர் ஒரு பெரிய அறையின் நடுவே பலகை அடித்து இரண்டு குடும்பங்களுக்கு விடுவார். வன்தட்டிலும் இதேதான். தட்டு ஒன்று. அதை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து வைத்திருப்பார்கள்.

ஆனால் வன்தட்டுக்குள் உண்மையான பலகை கிடையாது. தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். முதலாம் பிரிவு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, இரண்டாம் பிரிவு அதற்கு அடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். 1983 இல் ஐ.பி.எம். கணனிகளோடு வந்த பழைய வகை அட்டவணைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் வைக்க முடியாது. இப்போதைய கணனிகளில் உள்ள ஜி.பி.டி. என்ற வகையில் வழக்கமாக 128 வரை வைக்கலாம்.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஓர் இடாப்பும் உண்டு. எந்தப் படம், எந்தக் கடிதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த இடாப்பு சொல்லும். இதைக் கோப்பு முறைமை என்பார்கள். லினக்ஸில் பெரும்பாலும் ‘ஈ.எக்ஸ்.டி. 4’, விண்டோஸில் ‘என்.டி.எஃப்.எஸ்.’ என்ற முறைமை இருக்கும்.

ஒரு பிரிவைப் பெரிதாக்கும்போது அட்டவணையையும் மாற்ற வேண்டும், இடாப்பையும் மாற்ற வேண்டும். பெரிதாக்கினால் முதலில் சுவரைத் தள்ளிவிட்டுப் பிறகு இடாப்பை நீட்ட வேண்டும். சிறிதாக்கினால் முதலில் இடாப்பைச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் சுவரை உள்ளே கொண்டுவரலாம். வரிசை மாறினால் சுவருக்கு வெளியே விடுபட்ட சாமான்கள் போல எங்கள் கோப்புகள் போய்விடும். ‘ஜிபார்ட்டெட்’ என்ற மென்பொருள் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். 2004 இல் வெளிவந்த அது இலவசமானது.

அதே 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கணனியாளர்கள் தொண்டாக எழுதிய ‘சஹனா’வும் இதே இனத்து மென்பொருள்தான். காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய அது உதவியது. ‘சஹன’ என்றால் சிங்களத்தில் நிவாரணம். பிறகு வேறு நாடுகளும் தங்கள் அனர்த்தங்களில் அதை எடுத்துப் பாவித்தன. காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் தரம் குறைந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இணைப்பது என்று ஒன்று இல்லை

ஜிபார்ட்டெட்டில் ‘இணை’ என்ற பொத்தானைத் தேடாதீர்கள். இரண்டு பிரிவுகளை உள்ளே இருப்பவற்றோடு ஒட்டும் வழி அதில் இல்லை. ஒரு பிரிவை வெறுமையாக்கி, அதை நீக்கி, அந்த இடத்தைப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுப்பதைத்தான் பேச்சில் இணைப்பது என்கிறோம். ஆகவே ஓர் அறையின் சாமான்கள் கட்டாயம் வெளியே போக வேண்டும்.

இடம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். முன் விறாந்தையில் உள்ள இடத்தைப் பின் குசினியோடு சேர்க்க முடியாது. பிரிவின் வலது பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் வேலை சுலபம். பிரிவின் முடிவு மட்டும் நீளும், உள்ளே உள்ள ஒரு படமும் அசையாது. வெற்றிடம் இடது பக்கத்தில் இருந்தால் பிரிவின் தொடக்கமே நகர வேண்டும். அப்போது உள்ளே இருப்பது எல்லாம் ஒவ்வொரு துண்டாகப் புது இடத்துக்கு எடுத்துவைக்கப்படும். அதற்குப் பல மணித்தியாலம் போகலாம். ஆபத்து அங்கேதான்.

நான் பட்ட அடி

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். எழுத்து எழுத்தாகக் குழு பிரித்து, எந்தப் பகுதிக்கு எப்போது வெட்டு என்று அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் என் வீட்டுக் கணனியில் ஒரு பிரிவை இடது பக்கம் நகர்த்தத் தொடங்கினேன். நான்கு மணித்தியாலம் ஆகும் என்று திரையில் வந்தது. அட்டவணையைப் பார்த்து, நேரம் போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் எங்கள் பகுதியின் எழுத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டேன். பாதி வேலையில் மின்சாரம் நின்றது.

பிறகு கணனி திறந்தது, ஆனால் அந்தப் பிரிவு திறக்கவில்லை. அதற்குள் அம்மாவின் குரல் இருந்தது. அவர் 2019 இல் காலமாகுமுன் தொலைபேசியில் பதிந்து வைத்த ஏழெட்டுப் பேச்சுகள். மாங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது என்று எனக்குச் சொல்லித்தந்தது, இடையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏசியது எல்லாம் அதில் இருந்தன. தொலைபேசியில் இடம் போதாமல் அவற்றைக் கணனிக்கு மாற்றிவிட்டு, தொலைபேசியில் இருந்ததை அழித்துவிட்டிருந்தேன். வேறு பிரதி இல்லை. மீட்பு மென்பொருள்களை ஓடவிட்டுப் பார்த்தேன். சில படங்கள் வந்தன. குரல் வரவில்லை.

பிழை மின்சாரத்தில் இல்லை. பிரதி எடுக்காமல் தொடங்கிய என்னில்தான்.

மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டதுதானே என்றும் நினைக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முழு நாட்டிலும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்குக்கு நேர அட்டவணை கிடையாது.

முதலில் பிரதி

ஆகவே தையல் அறைக் கணனியில் நான் செய்த முதல் வேலை எதையும் தொடாமல் பிரதி எடுத்ததுதான். 1 டெராபைட் வெளி வன்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, எல்லாக் கோப்புறைகளையும் அதில் போட்டேன். ஒன்றும் விடுபடவில்லை என்பதை எப்படி அறிவது? கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி அதன் விபரத்தைப் பாருங்கள். எத்தனை கோப்புகள், மொத்த அளவு எவ்வளவு என்று வரும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியென்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு மூன்றை வெளி வன்தட்டிலிருந்தே திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல.

மிக முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலும் போட்டு வேறொரு வீட்டில் வைத்தேன். வெள்ளம் வந்தால் கணனியும் வெளி வன்தட்டும் ஒரே அறையில் நனையும். இன்னொன்று: இவை மற்றவர்களின் சொந்தக் கடதாசிகள். அந்த வன்தட்டைக் கடைகளில் கொடுத்துவிட்டு வராதீர்கள், பூட்டிய அலுமாரியில் வையுங்கள்.

வன்தட்டு நல்ல நிலையில் உள்ளதா என்பதையும் பாருங்கள். லினக்ஸில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருளில் ‘ஸ்மார்ட்’ சோதனை உண்டு. பழுதான இடங்கள் இருப்பதாக அது சொன்னால் பிரிவுகளில் கை வைக்க வேண்டாம். பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வன்தட்டு தேடுங்கள்.

கொப்பியில் எழுதுங்கள்

அடுத்து ஒரு கொப்பியை எடுத்துப் பிரிவுகளை வரிசையாக எழுதினேன். எங்கள் கணனியில் இப்படி இருந்தது:

எஸ்.டி.ஏ. 1: 30 ஜி.பி., லினக்ஸ் இயங்குதளம்.
எஸ்.டி.ஏ. 2: 4 ஜி.பி., ‘ஸ்வாப்’ எனப்படும் தற்காலிக இடம்.
எஸ்.டி.ஏ. 3: 200 ஜி.பி., ‘ஹோம்’, எங்கள் கோப்புகள், நிறைந்துவிட்டது.
எஸ்.டி.ஏ. 4: 231 ஜி.பி., விண்டோஸ் காலத்துப் பழைய பிரிவு, பெரும்பாலும் வெறுமை.

கூட்டினால் 465 வரும். “500 ஜி.பி. எண்டுதானே பெட்டியிலை போட்டிருக்கு, மிச்சத்தை ஆர் எடுத்தது?” என்று ஒரு தங்கச்சி கேட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், இந்த மென்பொருள் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 500 என்பது 465 ஆகவும், 1 டெராபைட் என்பது 931 ஆகவும் தெரியும். இந்த எண்கள் பிறகு உதவும்.

கொப்பியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணனி திறக்காமல் போனால் கணனிக்குள் வைத்த குறிப்பு உதவாது.

எங்கள் நல்ல காலத்துக்கு மூன்றாம் பிரிவும் நான்காம் பிரிவும் பக்கத்துப் பக்கம். மூன்றின் வலது பக்கம்தான் நீள வேண்டும். இயங்குதளத்தின் 30 ஜி.பி.யையும் கொஞ்சம் பெருப்பித்தால் என்ன என்று ஆசை வந்தது. அதற்கு மூன்றாம் பிரிவின் தொடக்கத்தை நகர்த்த வேண்டும். எனக்குப் பட்டது போதும். அந்த ஆசையை விட்டேன்.

இன்னொரு முன்வேலை: லினக்ஸில் ‘ஈ.டி.சி.’ கோப்புறைக்குள் ‘எஃப்.எஸ்.டேப்’ என்ற சிறிய கோப்பு உண்டு. கணனி எழும்பும்போது எந்தெந்தப் பிரிவைத் திறக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நீக்கப்போகும் பிரிவின் வரி அங்கே இருந்தால் அதன் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டு அந்த வரியை நிறுத்திவிடுங்கள். மறந்தால் கணனி இல்லாத பிரிவைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அவசர நிலைத் திரையில் போய் நின்றுவிடும். எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பயந்துபோவீர்கள். அழிந்திருக்காது, அந்த ஒரு வரிதான் காரணம்.

வெளியில் நின்று செய்யுங்கள்

நாங்கள் நிற்கும் தரையை நாங்களே பெயர்க்க முடியாது. பாவனையில் இருக்கும் பிரிவைச் சுருக்கவோ நகர்த்தவோ கூடாது. ஆகவே லினக்ஸ் மின்ற் உள்ள பென் டிரைவிலிருந்து கணனியை எழுப்பினேன். எழுப்பியதும் மின்றின் திரை வரும். அதில் ‘இன்ஸ்டால்’ என்றொரு படக்குறி இருக்கும். அதைத் தொட வேண்டாம். ஜிபார்ட்டெட்டை மட்டும் திறவுங்கள்.

தொடங்குமுன் பிரதி எடுத்த வெளி வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். அவசரத்தில் பிரதியையே அழித்துவிட்டவர்கள் உண்டு. ஜிபார்ட்டெட்டின் மேல் வலது மூலையில் எந்த வட்டு என்று தெரிவுசெய்ய வேண்டும். 465 என்று காட்டுவதே எங்கள் வட்டு. 14 அல்லது 29 என்று காட்டினால் அது பென் டிரைவ்.

ஒரு பிரிவின் பக்கத்தில் பூட்டுக் குறி இருந்தால் அது பாவனையில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘அன்மவுண்ட்’ கொடுங்கள். ஸ்வாப் பிரிவுக்கு ‘ஸ்வாப்ஆஃப்’ என்று வரும்.

சுவரை எடுத்தல்

முதலில் நான்காம் பிரிவைத் தெரிந்து ‘டிலீட்’ கொடுத்தேன். அந்த இடம் சாம்பல் நிறமானது. அடுத்து மூன்றாம் பிரிவில் ‘ரீசைஸ், மூவ்’ என்பதைத் திறந்து, வலது ஓரத்தை மட்டும் பிடித்து முடிவு வரை இழுத்தேன். இடது ஓரம் அசையக்கூடாது. முன்னால் உள்ள வெற்றிடம் என்ற கட்டத்தில் பூச்சியம் இருந்தால் சரி. தொடக்கத்தை நகர்த்துகிறீர்கள் என்று எச்சரிக்கை வந்தால் உடனே நிறுத்தி, திரும்பப் பாருங்கள்.

இதுவரை வட்டில் ஒன்றும் நடக்கவில்லை. செய்யப்போவதெல்லாம் கீழே ஒரு பட்டியலாக நிற்கும். ‘அன்டூ’ கொடுத்துப் பின்வாங்கலாம். ‘அப்ளை’ என்ற பச்சைக் குறியை அழுத்திய பிறகுதான் உண்மையான வேலை நடக்கும். அதற்கு முன் பட்டியலைக் கொப்பியோடு ஒப்பிட்டு வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஒருவரை இருத்தி வாசிப்பது இன்னும் நல்லது.

ஒரு யூ.பி.எஸ். இரவல் வாங்கி வைத்திருந்தேன். மடிக்கணனி என்றால் பற்றரியை நிறைத்து, வயரையும் கொழுவி வையுங்கள். அப்ளை கொடுத்தேன். அது முதலில் கோப்பு முறைமையைச் சோதித்தது, பிறகு நீட்டியது. ஒரு பிளேன்ரீ குடித்து முடியமுன் வேலை முடிந்துவிட்டது. பிரிவின் முடிவு மட்டும் நீண்டபடியால் அதன் அடையாள எண்ணும் மாறவில்லை. கணனி வழமைபோல் எழும்பியது. மூன்றாம் பிரிவு 431 ஜி.பி. காட்டியது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக இருக்காது. பழைய எம்.பி.ஆர். அட்டவணையில் ‘எக்ஸ்டெண்டட்’ என்ற வெளிப்பெட்டிக்குள் சில பிரிவுகள் இருக்கலாம். அப்போது முதலில் அந்தப் பெட்டியின் அளவையும் மாற்ற வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக உள்ள கணனியில் விண்டோஸின் பிரிவை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்குங்கள். அதற்கு முன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்தி, கணனியை முழுதாக அணையுங்கள். எக்ஸ்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க ஜிபார்ட்டெட்டால் முடியாது.

இடையில் ஏதாவது பிழைத்துவிட்டால் அந்த வட்டில் ஒன்றையும் புதிதாக எழுதாதீர்கள். அட்டவணை மட்டும் பழுதாகியிருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் பலவேளை அதை மீட்கும். ஆனால் அது எல்லா நேரமும் கைகொடுக்காது என்பதற்கு நானே சாட்சி.

பிறகு

அடுத்த நாள் அக்கா வந்தார். புது இடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

“எங்கை, அவன்ரை படத்தை ஒருக்காத் திறந்து காட்டு பிள்ளை.”

திறந்தேன். வெள்ளைச் சேட்டும் ஒரு பக்கம் வாரிய தலையுமாகப் பிள்ளை திரையில் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சுவரை எடுத்தும் ஒண்டும் ஆகேல்லை” என்றார். பிறகு, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் எங்கும் கொண்டுதிரியும் துணிப்பையில், அந்தக் கடிதங்களோடு வைத்துக்கொண்டார். கணனி என்றால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்பவர், இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு நேரம் எழுதியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறக்க வேண்டாம்:

1. பிரதி எடுங்கள், திறந்து பாருங்கள், ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.
2. பிரிவுகளைக் கொப்பியில் எழுதுங்கள்.
3. பிரதி உள்ள வன்தட்டைக் கழற்றிய பிறகே தொடங்குங்கள்.
4. வலது ஓரத்தை மட்டும் நீட்டுங்கள். இடது ஓரத்தைக் கட்டாயமில்லாமல் தொட வேண்டாம்.
5. மின்சாரம் நின்றாலும் தாக்குப்பிடிக்க வழி செய்யாமல் ‘அப்ளை’ கொடுக்க வேண்டாம்.

உங்கள் கணனியிலும் இடம் நிறைந்திருந்தால் இன்றே சுவரை எடுக்கத் தேவையில்லை. இன்று பிரதியை எடுங்கள். சுவரை ஆறுதலாக எடுக்கலாம்.

அடுத்த மாதம் நனைந்த படங்களையும் கடதாசிகளையும் காயவைத்து ஸ்கான் செய்யும் முறையோடு சந்திப்போம்.